ஜெயந்தினி டீச்சர் வெட்டிய அட்வெர்ப்கள்

இலங்கை மலைநாட்டில், பண்டாரவளையில் மொஹிதீன் முதலாளியின் புடவைக் கடைக்கு மேல்மாடியில் ஜெயந்தினி டீச்சர் பெரியவர்களுக்கு ஆங்கிலம் எழுதக் கற்றுக்கொடுக்கிறாள். தோட்டத்துக் கிளார்க்குகள், பக்கத்து ஊரான எல்லவின் ஹோட்டல்களில் வேலை செய்பவர்கள் என்று வருகிற எல்லோருக்கும் ஒரே வியாதி. ஒரு விண்ணப்பத்துக்குள் 'வெரி', 'ஹம்ப்ளி', 'கைண்ட்லி', 'சின்சியர்லி' எல்லாவற்றையும் அடைத்துவிடுவார்கள். துரைமாருக்கு மனு எழுதியே கை பழகிய பரம்பரை. குனியாத கடிதம் போய்ச் சேராது என்று இன்னும் நம்புகிறது.

டீச்சர் எல்லாவற்றையும் சிவப்புப் பேனாவால் வெட்டுவாள். அட்வெர்ப் என்ற வினையடை மேல் அவளுக்குப் பகை ஒன்றுமில்லை. மண்சரிவால் பாதை 'பார்ஷலி' அடைபட்டது என்றால் அந்தச் சொல் இருக்கட்டும்; லொறி போகுமா போகாதா என்று அதுதான் சொல்கிறது. 'எக்ஸ்ட்ரீம்லி' வருந்துகிறேன் என்பதில் யாருக்கு என்ன தெரிகிறது?

"விசயம் இல்லாத எடத்துலதான் இதுகள கூட்டியாந்து நிறுத்துறீங்க" என்பாள். "விசயத்த எழுதுங்க."

இந்தச் சிக்கனமெல்லாம் ஆங்கிலத்துக்கு மட்டும். தமிழில் 'ரொம்ப', 'கட்டாயம்', 'சத்தியமா' இல்லாமல் அவளால் ஒரு தேங்காய்கூட வாங்க முடியாது.

மாணவர்களில் ஒருவன் தயாபரன். எல்லவில் ஹோட்டல் வரவேற்பு மேசையில் வேலை. போன தையில், பெரகலைக்குப் பக்கத்துத் தோட்டத்தில், அவள் வீடு இருக்கும் லயத்து வரிசையின் வாசலில் ஆட்களைக் கூட்டி, வெற்றிலை பாக்கு மாற்றி அவளுக்குப் பரிசம் போட்டவன். பரிசம் போட்டால் பாதிக் கல்யாணம் முடிந்ததாக லயத்தில் கணக்கு. கல்யாணம் பதியும் அரசாங்கக் கந்தோருக்கு அந்தக் கணக்கு தெரியாது என்பது யாருக்கும் உறைப்பதில்லை. வகுப்பில் மட்டும் அவனுக்கு அவள் டீச்சர்.

அயர்லாந்தில் படிக்கப் போக விசாவுக்கு எழுதிய கடிதத்தை ஒரு சனிக்கிழமை, வகுப்பு கலைந்த பிறகு நீட்டினான். கடைசிப் பந்தியில், படிப்பு முடிந்ததும் 'டெஃபினிட்லி' திரும்புவேன், 'சர்ட்டன்லி' திரும்புவேன் என்று இருந்தது. இரண்டையும் வெட்டினாள்.

"இத யாரு நம்புவா? திரும்பி வர்றதுக்குக் காரணத்த எழுதுங்க."

"என்ன காரணம் டீச்சர்?"

அவள் சிரித்துவிட்டாள். "பரிசம் போட்டிருக்குன்னு எழுதுங்க. போட்டோவையும் சேர்த்து வைங்க. அதவிட என்ன காரணம் வேணும்?"

அவன் சிரிக்கவில்லை. கீழே ஒருவன் "பதுள, பதுள" என்று பஸ்ஸுக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அத எழுத வேணாமே."

"ஏன், பொய்யா?"

"பொய்யில்ல. எழுதிட்டா அங்க பதிவாயிரும். பின்னால அங்கயே இருக்கணும்னு வந்தா..." மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஒன்னய காக்க வைக்கிறது சரியில்ல ஜெயா. வீட்டுலகூட இன்னும் சொல்லல."

சிவப்புக் கோடு அப்படியே கிடந்தது. அப்படியே விட்டால் விசா கிடைக்காது. ஆள் எல்லவிலேயே கிடப்பான். அவளால் செய்யக்கூடிய காரியம்தான். கொஞ்ச நேரம் அதைச் செய்தும் பார்த்தாள், மனதுக்குள்.

பிறகு வேறு தாள் எடுத்து அந்தப் பந்தியை முழுதாக எழுதினாள். வேலை, எல்ல, சொந்த மாகாணம் எல்லாம் வந்தன, அவள் வரவில்லை.

"ரெண்டு வேணாம், ஒன்னு போதும். 'டெஃபினிட்லி' வாய்ப்பேச்சு மாதிரி இருக்கு. 'சர்ட்டன்லி' இருக்கட்டும்."

அவன் வாங்கி வாசித்தான். "நம்புவாங்களா?"

"நம்புவாங்க" என்றாள் ஜெயந்தினி. "நான் நம்பலையா?"