கள்ளிவேலி வீடு

பத்து வயதில் நான் ஒரு திருட்டுச் செய்தேன். என் அத்தை மகளுடைய வீட்டுப்பெயரின் கதையைத் திருடினேன். திருடியவன் நான்; திருடி என்ற பட்டம் கிடைத்தது அவளுக்கு. எனக்கு இப்போது எழுபத்து நான்கு வயது. இதை இனியும் மழுப்பிச் சொல்ல விருப்பமில்லை.

தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குப் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து போதும். கொச்சியில், எங்கள் மட்டாஞ்சேரியில், போதாது. பள்ளிக்கூட ரெஜிஸ்டரில் வீட்டுப்பெயருக்கு என்று தனியாக ஒரு கட்டம் இருக்கும். மலையாளிகளுக்கு அதில் எழுதத் தலைமுறை தலைமுறையாக ஒரு பறம்பின், அதாவது தோட்ட நிலத்தின், பெயரோ குளத்தின் பெயரோ இருந்தது. எங்களைப் போலப் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்களை அக்கம்பக்கத்தார் எதைச் சொல்லி அடையாளம் காட்டினார்களோ, அதுவே அந்தக் கட்டத்தில் ஏறியது. அப்படி எங்களுக்கு வந்தது சாக்குப்புரை.

அதன் கதையை அப்பாவிடம் கேட்டேன். அவர் அப்போது பஜாரில் சொந்தமாக மிளகும் சுக்கும் விற்றுக்கொண்டிருந்தார்.

"உங்க தாத்தாவோட அப்பா மண்டி வாசல்ல உக்காந்து கிழிஞ்ச சாக்குத் தச்சாரு. சாக்கு அடுக்குற கொட்டாயிலயே படுத்தாரு. அதான் சாக்குப்புரை. இதுல என்னடா பெரிய கதை?" என்றார்.

கதை கேட்டதற்குக் காரணம் எங்கள் டீச்சர். ஓணப் பரீட்சை முடிந்த வாரம், எல்லோரும் அவரவர் வீட்டுப்பெயர் எப்படி வந்தது என்று பெரியவர்களிடம் கேட்டுவந்து வகுப்பில் சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டார். நன்றாகச் சொல்கிற மூன்று பேர் ஆண்டுவிழா மேடையில் சொல்லலாம்.

அத்தை மகள் என் வகுப்பில்தான் படித்தாள். என்னைவிட நான்கு மாதம் இளையவள். அதற்கு முந்தைய வருடம் மாமா காய்ச்சலில் இறந்துபோனார். அத்தை இரண்டு டிரங்குப் பெட்டியோடும் இவளோடும் பாலக்காட்டுக்குக் கிழக்கே சித்தூர்ப் பக்கத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அங்கே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த பெண்ணுக்கு மலையாளம் தட்டுத் தடுமாறித்தான் வரும். அவளுடைய வீட்டுப்பெயர் கள்ளிவேலி.

அந்தப் பெயரின் கதையை மாமாதான் அவளுக்குச் சொல்லியிருந்தார். அவருடைய பாட்டனார் அந்த வறண்ட சீமைக்குக் கூலிக்கு வந்தவர். புறம்போக்கில் ஒரு குடிசை போட்டார். ஊர்ப் பெரியவீட்டு ஆட்கள் வந்து பிரித்துப் போட்டார்கள். மறுபடி போட்டார், மறுபடி பிரித்தார்கள். மூன்றாவது தடவை அவர் குடிசை போடும் முன்பே வேலி போடப் பார்த்தார். மரம் வாங்க வழியில்லை. எங்கிருந்தோ கள்ளிக் கிளைகளை வெட்டிவந்து சுற்றிலும் நட்டார். கள்ளிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், காவல் வேண்டாம். அது ஆள் உயரம் வளர்ந்த பிறகு வேலிக்குள் குடிசை எழுந்தது. பெரியவீட்டு ஆட்கள் மறுபடி வந்தபோது உள்ளே காலெடுத்து வைக்க முடியவில்லை. வெளியே நின்று, "வீட்டுல யாரு?" என்று கூப்பிட வேண்டியதாயிற்று. அந்தக் குடிசையை வீடு என்று முதலில் சொன்னவர்கள் அவர்கள்தான். அன்றிலிருந்து அது கள்ளிவேலி வீடு.

அத்தை இந்தக் கதையை மகளுக்கு ஒரு வாரம் பழக்கினாள். மலையாளத்தில் சொல்லிப் பார்ப்பது பள்ளிக்கூடம் போகும் வழியில், என்னிடம். நான் திருத்துவேன். இந்தச் சொல் இங்கே வராது, அதை இப்படிச் சொல்லு, இந்த இடத்தில் நிறுத்து. ஐந்து நாளில் அவள் அப்பாவின் கதை அவளைவிட எனக்கு நன்றாக மனப்பாடம் ஆகிவிட்டது. மாமா செத்தபிறகு அவர் வீட்டுப்பெயரை நாலு பேர் கேட்கச் சொல்லப்போவது இதுதான் முதல் தடவை என்று அத்தை அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அதையும் கேட்டேன்.

வகுப்பில் ஆண்பிள்ளைகளை முதலில் கூப்பிட்டார்கள். ஒருவனுடைய முன்னோர் திருப்பூணித்துறை அரண்மனைக்குக் குடை பிடித்தவர்கள். இன்னொருவன் வீட்டில் மூன்று தலைமுறை வைத்தியம். என் முறை வந்தது. எழுந்து நின்றேன். சாக்குத் தைத்த கதையைச் சொல்ல நாக்கு எழவில்லை. திட்டமிடவில்லை, தானாக வந்துவிட்டது என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிவந்தேன். சாக்கு என்ற சொல்லுக்குத் தமிழில் இன்னொரு பொருள் இருக்கிறது. அது அந்த வகைச் சாக்கு. வாயைத் திறக்கும்போதே எனக்குத் தெரியும்.

குடிசை, ஆட்கள், கள்ளி, வேலி, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். ஒன்றை மட்டும் மாற்றினேன். குடிசைக்குச் சுவராகக் கிழிந்த சாக்குகளைத் தொங்கவிட்டேன். அதனால் சாக்குப்புரை. மெருகுக்காக அங்கங்கே இரண்டொரு சங்கதி சேர்த்துக்கொண்டேன்.

"மிடுக்கன்!" என்றார் டீச்சர். கெட்டிக்காரன் என்று அர்த்தம்.

பெண்பிள்ளைகளில் அவள் கடைசிக்கு முந்தியவள். எழுந்து, திணறித் திணறி, அதே குடிசையையும் அதே வேலியையும் சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் டீச்சர் கையைக் காட்டி நிறுத்தினார். டீச்சர் கெட்டவர் இல்லை. நாங்கள் ஒரே வீட்டில் இருக்கிறோம் என்று அவருக்குத் தெரியும்.

"இது நின்றெ அம்மாவன்றெ வீட்டுக் கதயல்லே மோளே?" என்று பரிவாகத்தான் கேட்டார். இது உன் மாமன் வீட்டுக் கதையல்லவா, உன் அப்பா வீட்டுக் கதையைக் கேட்டுக்கொண்டு வா என்றார்.

பின் பெஞ்சிலிருந்து ஒருவன், "கத கட்ட கள்ளி!" என்று கத்தினான். மலையாளத்தில் கள்ளி என்றால் திருடி. கதையைத் திருடிய கள்ளி. வீட்டுப்பெயரிலேயே பட்டம் இருந்ததால் வகுப்புக்குத் தாங்க முடியாத சந்தோஷம். பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். அவள் உட்கார்ந்துவிட்டாள். என்னைப் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது, அவள் திட்டினால் என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். அவள் பத்தடி முன்னால் போனாள். வீட்டு வாசலில் திரும்பி நின்று ஒன்றே ஒன்று சொன்னாள்.

"எங்க கதையில சாக்கு கிடையாது."

மூன்று பேரில் ஒருவனாக என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆண்டுவிழாவுக்கு அப்பா, அம்மா, அத்தை மூவரும் வந்தார்கள். அத்தை இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து, தன் புருஷனின் கதையை என் வாயால், எங்கள் வீட்டுப்பெயரோடு, முழுவதும் கேட்டாள். கைதட்டல் பலமாக இருந்தது. அத்தையும் தட்டினாள். அன்று சாயங்காலம் நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பழம்பொரி சுட்டாள். முதல் தட்டு எனக்கு வந்தது.

"நல்லாச் சொன்னடா. ஒரு எடத்துலயும் திக்கலை," என்றாள்.

பாராட்டுகிறாள் என்றே எடுத்துக்கொண்டேன். இன்னும் இரண்டு கேட்டு வாங்கித் தின்றேன்.

அப்பாவுக்கு உண்மை தெரியும். ஆனால் கைதட்டலைக் கேட்ட மனிதர் அவர். மறுவாரம் கடைக்கு வந்த ஒரு வியாபாரியிடம், "எங்க பாட்டனார் கள்ளி நட்டு எடம் பிடிச்சவராக்கும்," என்று ஆரம்பித்ததை நானே கேட்டேன். நாலைந்து வருடத்தில் அவரே அதை நம்பிவிட்டார். சாக்குத் தைத்த மனிதரை எங்கள் வீட்டில் யாரும் பிறகு பேசவில்லை.

அவளுக்குப் பட்டம் நிலைத்துவிட்டது. வகுப்பில் பென்சில் காணாமல் போனாலும் குடை காணாமல் போனாலும் முதலில் அவள் பக்கம்தான் தலைகள் திரும்பும். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு விண்ணப்பம் எழுதியபோது வீட்டுப்பெயர்க் கட்டத்தை அவள் காலியாக விட்டாள். இனிஷியல் மட்டும் போதும் என்று ஆபீசில் சொல்லிவிட்டாள். வீட்டுப்பெயர் இல்லாமல் வந்த சான்றிதழை அத்தை இரண்டு தடவை படித்துப் பார்த்து, மடித்துப் பெட்டியில் வைத்தாள். பிறகு கல்யாணமாகிப் புருஷன் வீட்டுப்பெயர் வந்தது. கள்ளிவேலி என்ற பெயர் இன்று எந்தக் காகிதத்திலும் இல்லை.

நான் படித்தேன், எர்ணாகுளத்தில் கல்லூரி வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றேன். கடை தம்பிக்குப் போய், இப்போது தம்பி மகன் நடத்துகிறான். போன வருடம் அவன் கடைக்கு இணையதளம் தொடங்கி, பார்க்கச் சொல்லி எனக்கு அனுப்பினான். முதல் பக்கத்திலேயே 'எங்கள் பெயரின் கதை'. கள்ளிவேலியும் சாக்குச் சுவரும் படமாகவே வரைந்திருந்தது. பார்த்த அன்றே முடிவு செய்தேன். இது போக வேண்டும்.

போர்ட் கொச்சியில் எங்கள் குடும்பச் சங்கமம் நடந்தபோது, நாற்பது பேருக்கு முன்னால் எழுந்து நடந்ததைச் சொன்னேன். முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் தம்பி சிரித்தான்.

"அத்தை மகளைக் கட்டிக்காம விட்டோமேன்னு இப்பவா அண்ணே வருத்தம் வருது?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்வரை நின்றேன்.

"பெரியப்பா, கஸ்டமருக்கெல்லாம் இந்தக் கதை பயங்கர இஷ்டம்," என்றான் தம்பி மகன்.

"இஷ்டமா இருக்கட்டும். நம்மளது இல்ல."

"சாக்குத் தச்சோம்னு போட்டா யாரு மிளகு வாங்குவா?"

"மிளகு நல்லா இருந்தா வாங்குவாங்க."

செய்கிறேன் என்றான், செய்யவில்லை. தினமும் காலை பத்து மணிக்கு அவனைக் கூப்பிட்டேன். "இன்னைக்கு எடுத்தாச்சா?" என்று மட்டும் கேட்பேன். பதினோராம் நாள் எடுத்துவிட்டான். இப்போது அங்கே கிழிந்த சாக்குத் தைத்தவரைப் பற்றி இரண்டு வரி இருக்கிறது. குடும்பத்தில் சிலர் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் பஸ்ஸிலும் மெட்ரோவிலுமாகத் திருப்பூணித்துறைக்குப் போனேன். அத்தை மகள் அங்கே மகனோடு இருக்கிறாள். அத்தை இறந்து இருபது வருடம் ஆகிறது.

"சாயா எடுக்கட்டா அத்தான்?" என்றாள்.

"முதல்ல நான் சொல்ல வந்ததைச் சொல்லிடறேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். வகுப்பு, மேடை, அப்பா, இணையதளம். மன்னித்துவிடு என்றேன்.

"நீங்க எடுத்துட்டீங்கன்னு அன்னைக்கே எனக்குத் தெரியுமே. அம்மாவுக்கும் தெரியும்."

"டீச்சர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம். உங்க அப்பாவுக்குத் தெரிஞ்சு ஒரு பேச்சு வந்தா, நாங்க ரெண்டு பெட்டியையும் தூக்கிட்டு எங்க போயிருப்போம்? அன்னைக்கு வீட்டுக்கு வந்து அம்மா மடியில விழுந்து அழுதேன். அவன் மேடையில சொல்லும்போது நீயும் கை தட்டணும்னு அம்மா சொல்லிக் கொடுத்தாங்க. அம்மா தட்டினாங்க. என்னாலதான் முடியலை."

நான் தின்ற பழம்பொரி எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அவள் எழுந்து போய் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தாள்.

"கதையைச் சொல்லுங்க. பேத்தி கேட்டுக்கிட்டே இருக்கா. அன்னைக்கு அப்புறம் நான் அதை யார்கிட்டயும் சொன்னதே இல்ல. பாதி போயிடுச்சு."

அவள் அப்பாவின் கதையை அவளுக்கு நான் சொன்னேன். அவள் மலையாள எழுத்தில் எழுதிக்கொண்டே வந்தாள். வேலி வளரும்வரை பாட்டனாரோடு ஒரு நாய் வெட்டவெளியில் படுத்துக் கிடந்தது என்ற இடத்தில் பேனா நின்றது.

"நாயா? அப்பா சொன்ன கதையில நாய் இருந்துச்சா?"

யோசித்தேன். மெருகுக்காக நான் சேர்த்த சங்கதிகள் எவையென்று எனக்கே தெரியவில்லை. இருந்திருக்கலாம். நானே வைத்ததாகவும் இருக்கலாம்.

"தெரியலை," என்றேன்.

அவள் நாய் வந்த வரியை அடித்தாள். முதல் வரிக்குத் திரும்பிப் போய் ஒவ்வொரு வரியாகக் கேட்டாள். எனக்கு உறுதியில்லாததையெல்லாம் அடித்துக்கொண்டே வந்தாள். கடைசியில் பக்கத்தில் நான்கு வரி மிஞ்சியது.

"உன் அப்பா சொன்னதும் சிலது அடிபட்டிருக்கும்," என்றேன்.

"அடிபட்டிருக்கும்தான். இது போதும்." நோட்டை மூடினாள். பிறகு கோபமில்லாமல், ஒரு சங்கதியைத் தெரியப்படுத்துவது போலச் சொன்னாள்: "ஆனா அத்தான், இப்ப நீங்க சொல்லச் சொல்ல நானும் கேட்டுப் பாத்தேன். எந்த வரியும் அப்பா குரல்ல வரலை. எல்லாம் அந்த மேடையில நீங்க சொன்ன குரல்லதான் வருது."

சாயா எடுக்க உள்ளே போனாள். பத்து வயதில் நான் கதையை மட்டும்தான் எடுத்தேன் என்று நினைத்திருந்தேன்.