அப்பா பாடிய கேசட்

எங்கள் அம்மா புளியறையில் பிறந்தார், குற்றாலத்தில் வாழ்க்கைப்பட்டார், சென்ற ஆண்டு அந்தப் புகுந்த வீட்டிலேயே கண்ணை மூடினார். அவருடைய பொறுமையைப் பற்றி இந்த நினைவு மலரில் எழுதச் சொன்னான் தம்பி. உறவுகளே, உங்களுக்குத் தெரியாததா? அம்மாவுக்குப் பொறுமை கிடையாது. பால் பொங்குவதற்குள் நான்கு வேலை பார்ப்பார். எதையும் வீணாக்கவும் விடமாட்டார். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அப்பா ராணுவத்தில் வடக்கே இருந்தார். கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி அனுப்புவார். கடைசியில் ஒரு பாட்டுப் பாடுவார். அம்மா அதை நாலு தடவை போட்டுக் கேட்பார். பிறகு அதே கேசட்டில், அப்பாவின் பேச்சின் மேலேயே தம் பதிலைப் பதிந்து அனுப்பிவிடுவார்.

"ஒண்ணு இருக்கையில இன்னொண்ணு எதுக்கு? அடுத்த மாசமும் பாடத்தான போறாக" என்பார்.

ஒரே கேசட் இரண்டு ஆண்டுகள் போய் வந்தது. கடைசியாக அப்பாவின் பெட்டியோடு வந்தது. மலைப்பாதையில் அவர் போன லாரி உருண்டுவிட்டது. கேசட்டில் இருந்தது அம்மாவின் பேச்சு. அப்போது அம்மாவுக்கு இருபத்தேழு வயது, எனக்கு ஏழு, தம்பி கைக்குழந்தை.

போய்விட்டவரிடம் பேசிய பேச்சை எப்படிக் கேட்பது? அம்மா அதைப் போடவே இல்லை. சத்துணவுக் கூடத்தில் சமைத்து எங்களைப் படிக்கவைத்தார். கேசட்டை மட்டும், சாரல் ஈரத்தில் பூஞ்சை பிடித்துவிடும் என்று அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்திருந்தார். ஆண்டுதோறும் ஆனி பிறக்குமுன் வெளியே எடுத்து, ஓட்டைக்குள் பென்சிலை விட்டு நாடாவை முழுக்கச் சுற்றி, மறுபடி திருப்பிச் சுற்றுவார். இல்லாவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுமாம். எங்கள் டேப் ரிக்கார்டர் எப்போதோ கெட்டுப்போயிருந்தது.

நோய் முற்றியபின் ஒருநாள், "ஏட்டி, அவுக பாட்டை ஒருக்கா கேக்கணும்" என்றார்.

தென்காசியில் ரேடியோ பழுதுபார்க்கும் அண்ணாச்சி ஒருவரைத் தேடிப்பிடித்தோம். பழைய டேப் ரிக்கார்டர் ஒன்றுக்குப் புது பெல்ட் மாட்டி, அவரே வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"சிலேட்டுல அழிச்சாலும் பழைய எழுத்து லேசாத் தெரியுதுல்லா? அதே மாதிரி அடியில அவுக சத்தம் கெடக்கும்லா அண்ணாச்சி?" என்று அம்மா கேட்டார்.

"இல்லம்மா. இது மொதல்ல தொடைச்சிட்டுத்தான் புதுசப் பதியும். நீங்க பேசி முடிச்ச பெறகு டேப்பு மிச்சம் இருந்தா, அங்கன மட்டும் பழசு இருக்கும்."

அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார். "இருக்கும். நான் ரொம்பல்லாம் பேசமாட்டேன்."

அண்ணாச்சி பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, நாடா உரசிப் போகும் ஹெட்டைத் துடைத்தார். வேகமாக ஓட்டினால் பழைய நாடா அறுந்துவிடும் என்று முதலிலிருந்தே ஓடவிட்டார். நெல் அறுப்பு, ஒழுகும் கூரை, தம்பிக்குப் பல் முளைத்தது என்று அம்மாவின் இளங்குரல் இருபது நிமிடம் பேசியது. "சரி, வச்சிடுதேன். உடம்பப் பாத்துக்கிடுங்க" என்று முடிந்தது. அம்மா கைகளைக் கூப்பிக்கொண்டார்.

அடுத்து வந்தது என் குரல். "ஓரெட்டு எட்டு, ஈரெட்டு பதினாறு..."

பின்னாலிருந்து அம்மா சொல்வதும் கேட்டது: "டேப்பு வீணாப் போவுதுட்டி. தீருத வரைக்கும் சொல்லு, அப்பா கேப்பாக."

பன்னிரண்டாம் வாய்ப்பாட்டின் நடுவில் நாடா தீர்ந்தது. அண்ணாச்சி மறுபக்கம் திருப்பிப் போட்டார். அதன் கடைசிவரை நான் பள்ளிக்கூடப் பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளையின் வாயைப் பொத்த வேண்டும் போலிருந்தது எனக்கு.

"நல்லாத்தான் சொல்லியிருக்க" என்று சொல்லிவிட்டு அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

இரண்டு நாள் கழித்து, "அவுக கொரலு எப்படிட்டி இருக்கும்? எனக்கு ஞாவகம் வரமாட்டேங்கு" என்றார். அந்த வாரமே போய்விட்டார்.

கூலி வாங்க மறுத்த அண்ணாச்சிக்கும், முறைவைத்து அம்மாவைக் குளிப்பாட்டிய பக்கத்து வீட்டு அக்காமாருக்கும், புளியறையிலிருந்து கஞ்சி கொண்டுவந்த மாமாவுக்கும் எங்கள் நன்றி. அப்பா பாடியதைக் கேட்டிருந்தது எங்கள் வீட்டில் இரண்டு பேர். ஒருவர் அம்மா. இன்னொருவர் நான். எனக்கும் நினைவில்லை.