அப்பா எந்தச் சபை?

அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. நினைவு ஜெபத்துக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகளாகிய நான் இந்த மலரில் ஏதாவது எழுத வேண்டும் என்று தம்பி சொல்லிவிட்டான். திருமங்கலத்தில் பள்ளிக்கூடம் முடிந்து, பஸ்ஸில் நின்றுகொண்டே ஆனையூருக்கு வந்து, சோறு வடித்து வைத்துவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். துக்கம் என்றால் அழுகைதான் என்று நினைத்திருந்தேன். எனக்கு அது பெரும்பாலும் அலுப்பாகத்தான் இருக்கிறது.

அந்த அலுப்பில் பாதி ஒரே ஒரு கேள்வியால் வந்தது. "உங்க அப்பா எந்தச் சபை?" கல்யாண வீட்டில் கேட்டார்கள், ரேஷன் கடையில் கேட்டார்கள், துக்கம் விசாரிக்க வந்தவர்கள் செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்கள். எல்லாருக்கும் சேர்த்து இங்கே ஒரு தரம் சொல்லிவிடுகிறேன்.

அப்பா வாடிப்பட்டிக்கு அருகே ஒரு கிராமத்தில், சபையில் வேதம் போதிக்கும் உபதேசியார் ஒருவரின் இளைய மகனாகப் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்தவரைத் தூக்கி வளர்த்தது அவருடைய அண்ணன், எங்கள் பெரியப்பா. பெரியப்பா தம் படிப்பை நிறுத்திக்கொண்டு மதுரையில் மில் வேலைக்குப் போய்த்தான் தம்பியைப் படிக்க வைத்தார். அப்பாவுக்கு ரயில்வே சரக்கு அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. அம்மாவை மணந்தார். நாங்கள் இருவரும் பிறந்தோம். ஞாயிறு தவறாமல் கோயில், கோயிலில் பாட்டுக் குழு, வீடு திரும்பினால் பெரிய டம்ளரில் அம்மா போடும் காப்பி. அப்பாவுக்குக் காப்பி என்றால் உயிர்.

எழுபதுகளின் கடைசியில் கோயம்புத்தூருக்கு மாற்றலாகிப் போனார். கூட வேலை பார்த்த ஒருவர், ஒரு வீட்டு முன்னறையில் கூடும் சிறிய கூட்டத்துக்கு அவரை அழைத்துப் போயிருக்கிறார். மார்மன்கள் என்று ஊரார் சொல்வது அவர்களைத்தான். அப்பா அங்கே ஓராண்டுக்கும் மேல் போய்க் கேட்டுவிட்டு, ஒரு தோட்டத்துக் கிணற்றுத் தொட்டியில் முழுகி மறுபடியும் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டார். மதுரைக்குத் திரும்பி வந்தபோது காப்பியும் இல்லை, டீயும் இல்லை; இரண்டும் அந்தச் சபையில் விலக்கு. அம்மா முதலில் அழுதது அந்தக் காப்பிக்காகத்தான்.

அப்பா நம்பியது இதுதான். இயேசு தம் சீடர்களிடம் கொடுத்த சுவிசேஷமும் அதிகாரமும் அந்தச் சீடர்களுக்குப் பின் பூமியில் இல்லாமல் போய்விட்டன. நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் முன் அமெரிக்காவில் ஒரு விடலைப் பையன் எந்தச் சபை சரி என்று கேட்டு ஜெபிக்க, கடவுளே அவற்றைத் திரும்பக் கொடுத்தார். நம்முடைய வேதத்தோடு இன்னொரு வேதப் புத்தகமும் அவர்களுக்கு உண்டு. பிதாவும் குமாரனும் தனித்தனி ஆட்கள் என்பார்கள். குடும்பம் சாவோடு முடிவதில்லை, புருஷனையும் மனைவியையும் நித்தியத்துக்கும் சேர்த்து முத்திரையிடலாம், ஆனால் அதை அவர்களுடைய ஆலயத்தில்தான் செய்ய முடியும் என்பார்கள். அந்த ஆலயம் அப்போது இந்தியாவில் எங்கும் இல்லை. கடல் கடந்து போக அப்பாவுக்கு வழியும் இல்லை, அம்மாவுக்குச் சம்மதமும் இல்லை.

பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது நான் கூடத்தில் இருந்தேன். எங்கள் ஊர்க் கால்வாயை வைத்துத்தான் அப்பா விளக்கினார். "கால்வாய் தூந்து போச்சுண்ணே. தண்ணி கொஞ்சம் வருது, இல்லைங்கல. ஆனா மடையத் தெறக்க உத்தரவு வாங்குன ஆளு யாருமே இல்லாமப் போயிட்டாக. அதத்தான் மறுபடி குடுத்திருக்கு."

பெரியப்பா அப்போது, அப்பா பிறந்து வளர்ந்த எங்கள் பழைய சபையின் கமிட்டிச் செயலாளர். "அப்ப இம்புட்டு நாளும் நாங்க குடிச்சது என்னடா, சாக்கடையா? நம்ம அய்யா ஒன்னையத் தூக்கிட்டுப் போயி வாங்கிக் குடுத்த ஞானஸ்நானம் செல்லாதா?" என்றார்.  செல்லாது என்பதுதான் அப்பாவின் பதில். அதை அண்ணன் முகத்தைப் பார்த்துச் சொல்லும் தைரியம் அவருக்கு இல்லை.

அதன் பிறகுதான் பெரியப்பா மகளின் நிச்சயம் வந்தது. எங்கள் பக்கத்தில் பேசி முடித்ததும் இரு தரப்புப் பெரியவர்களும் ஒன்றாக உட்கார்ந்து காப்பி குடிப்பார்கள். யாராவது டம்ளரைத் தொடாமல் வைத்தால் அவருக்குச் சம்பந்தத்தில் மனமில்லை என்று அர்த்தம். அப்பா இதைச் சுத்தமாக மறந்துபோய், டம்ளரை மெல்ல ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் தம்முடைய டம்ளரையும் கீழே வைத்தார். பெண்ணின் சொந்தச் சித்தப்பாவே குடிக்கவில்லை என்றால் மாப்பிள்ளையைப் பற்றி அவர் காதுக்கு என்ன வந்தது என்று கேட்டார். "எனக்குக் காப்பி ஆகாதுங்க" என்றார் அப்பா. நேற்றுவரை மூன்று வேளையும் குடித்த மனுஷன் என்று அந்தக் கூட்டத்திலேயே யாரோ போட்டுக்கொடுத்தார்கள். தம் நம்பிக்கையை எல்லாம் நின்றுகொண்டே விளக்கி அப்பா அந்தக் கல்யாணத்தைக் காப்பாற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கல்யாணம் நடந்தது. பெரியப்பா எங்கள் வாசல்படி ஏறுவதை நிறுத்திவிட்டார்.

அப்பாவின் பெயரைப் பழைய சபையில் எடுத்துவிட்டார்கள். ஞாயிறுதோறும் அம்மாவைக் கோயில் வாசல் வரை சைக்கிளில் கொண்டுவந்து விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்புவார். கோயம்புத்தூர்ச் சகோதரர்களின் அனுமதியோடு, முன்னறையில் ஒரு துண்டு ரொட்டியும் ஒரு டம்ளர் தண்ணீரும் வைத்து, மண்டியிட்டுத் தாமே இராப்போஜனச் சடங்கை நடத்திக்கொள்வார். திராட்சரசம் கிடையாது, தண்ணீர்தான். நான் அவர்களுடைய சபையில் சேரவில்லை. ஆனாலும் ஒரு மனிதர் தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் சில ஞாயிறுகளில் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மாதத்தின் முதல் ஞாயிறு உபவாசம் இருந்து, அன்று சமைக்காத அரிசியை அடுத்த தெருவில் இருந்த ஒரு கைம்பெண் வீட்டில் கொடுத்துவிட்டு வருவார். "வேதக்காரவுக நல்ல மனுசருத்தா" என்பார் அந்த அம்மாள். கிறிஸ்தவர்களான எங்களுக்குள் இருந்த சண்டை அவருக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு இந்துக்களுக்கெல்லாம் அப்பா கிறிஸ்தவர்தான். கிறிஸ்தவர்களுக்குத்தான் சந்தேகம்.

அம்மா வயிற்றில் கட்டி வந்து படுத்தபோது பெரியப்பா மறுபடி படி ஏறினார். தினமும் வந்து அம்மா தலைமாட்டில் ஜெபம் செய்துவிட்டு, அப்பாவோடு ஒரு வார்த்தை பேசாமல் போவார். அம்மாவைப் பழைய சபையின் கல்லறைத் தோட்டத்தில், எங்கள் குடும்ப வரிசையில் அடக்கம் செய்தோம். அந்த வரிசையில் பெரியப்பாவின் மனைவி, எங்கள் பெரியம்மா, முன்னமே அடக்கமாகியிருந்தார். இருவருக்கும் நடுவில் மிஞ்சியது ஒரே இடம். அது பெரியப்பாவுக்கு என்று வைத்தது.

இரண்டு வருஷம் கழித்து அப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "என்னைய உங்கம்மா பக்கத்துல வச்சிருங்கத்தா. அவள ஆலயத்துக்குக் கூட்டிட்டுப் போக முடியல. இதாச்சும் நடக்கட்டும்." சரி என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது?

அப்பா கண்மூடிய அன்று காலையில் நான் போய் அந்த இடத்தைக் கேட்டபோது பழைய சபையின் போதகர் முகம் சுளிக்கவில்லை. உட்காரச் சொல்லி, பொறுமையாகப் பேசினார். நம்முடைய ஞானஸ்நானம் செல்லாது என்று சொல்லி இன்னொன்று எடுத்தவரை நம்முடைய கல்லறையில் எப்படி வைப்பது, அவரே நம்மைச் சபை என்று ஒத்துக்கொள்ளவில்லையே என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அப்பா செத்துக் கிடக்கிறார், இடம் வேண்டும் என்பதைத் தவிர என்னிடம் நியாயம் எதுவும் இல்லை.

பெரியப்பா கமிட்டி முன்னால் போய் உட்கார்ந்தார். அந்த இடம் என்னுடையது, அதை என் தம்பிக்குக் கொடுக்கிறேன், முடியாது என்றால் நான் இங்கிருந்து எழுந்திருக்க மாட்டேன் என்றார். கடைசியில் கமிட்டி இறங்கி வந்தது. ஆனால் மணி அடிக்கக் கூடாது, போதகர் வர மாட்டார், அப்பாவின் சபையார் மதிலுக்குள் ஜெபம் சொல்லக் கூடாது, இவற்றைச் செயலாளரான பெரியப்பாவே நின்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். எல்லாவற்றுக்கும் பெரியப்பா தலையாட்டிவிட்டு வந்தார்.

சாயங்காலம் அப்பாவைக் குழியில் இறக்கினோம். மண் போட்டு முடிந்தது. கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த இரண்டு சகோதரர்கள் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார்கள். கல்லறையை அர்ப்பணித்து ஜெபிப்பது அவர்கள் வழக்கம். அது இல்லாமல் திரும்புவதா என்று ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். பெரியப்பா அவர்களிடம் போனார்.

"எனக்கு வயசாயிருச்சுய்யா, காது சரியாக் கேக்காது. நான் அந்தா அந்த வேப்ப மரத்துக்கிட்டப் போயி நிக்கிறேன். என் தம்பி எத நம்புனானோ அதச் சொல்லிருங்க" என்றார். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும். மரத்தைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். ஜெபம் முடிந்தபோது அவரும் ஆமென் சொன்னதை நான் கேட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாருக்கும் காப்பி கலந்தார்கள். "அந்தக் கோயம்புத்தூருக்காரவுகளுக்குப் பால ஆத்திக் குடுங்க, காப்பி குடிக்க மாட்டாக" என்று அடுப்படியைப் பார்த்துச் சத்தம் போட்டவரும் பெரியப்பாதான்.

இராப்பகலாகப் பார்த்துக்கொண்ட டாக்டருக்கும் நர்சுகளுக்கும், பந்தல் போட்டு, தண்ணீர் சுமந்து, எங்களைச் சாப்பிட வைத்த ஆனையூர்த் தெருக்காரர்களுக்கும், பஸ் மாறி மாறி வந்த கோயம்புத்தூர்ச் சகோதரர்களுக்கும், மனம் வருந்தியே மறுத்த போதகருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெரியப்பாவுக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. போன மாதம் அவரோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். அவருக்கு இப்போது கடைசி வரிசையில், மதிலோரம், பெரியம்மாவிடமிருந்து வெகு தூரத்தில் இடம் கொடுத்திருக்கிறார்கள். உங்களுக்குச் சங்கடமாக இல்லையா பெரியப்பா என்று கேட்டுவிட்டேன்.

"எங்கன படுத்தா என்னத்தா? ஆண்டவரு கூப்புடுறப்ப எல்லாரும் எந்திரிச்சுத்தான வரணும்" என்றார்.

அப்பாவும் அதையேதான் நம்பினார். அதில் மட்டும் அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை.