நான்காவது டம்ளர்

பெங்களூரு அல்சூரில் எங்கள் வாசகர் கூட்டத்தில் போர்க்கவிதைகளைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினேன். நான் கண்ட பெரிய போர், காலையில் மெட்ரோவில் ஏறுவதுதான். ஆனாலும் கவிதையில் வரும் சிப்பாயின் குற்றவுணர்வை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துவைத்தேன். நடுவே, பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டுக்காரர் மூன்று முறை எழுந்துவந்து தண்ணீர் நீட்டினார். எரிச்சலோடு குடித்தேன்.

முடிந்ததும் கேட்டேன்: “என்ன சார், என் தொண்டை மேல அவ்ளோ அக்கறை?”

“வயித்துல குண்டு பட்டவனுக்குத் தண்ணி தரக் கூடாதுன்னு ரூல் சார். என்கூட இருந்தவன் கேட்டுக்கிட்டே இருந்தான். நான் தரல. எப்படியும் போயிட்டான். அதுலேர்ந்து யார் தொண்டை கரகரத்தாலும் கை சும்மா இருக்க மாட்டேங்குது.”

அவர் கையில் நான்காவது டம்ளர் இருந்தது. என் வயிற்றில் ஏற்கெனவே மூன்று குலுங்கின. வாங்கி, அவர் பார்க்க, சொட்டு மிச்சமில்லாமல் குடித்தேன்.