பெட்டிக்கும் ரெண்டு கிலோ கழிவு

தேயிலை விலை படுத்த படுக்கையாகக் கிடந்த காலம் அது. இரண்டாயிரமாவது வருஷத்தை ஒட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். குன்னூரிலிருந்து கோத்தகிரி போகிற ரோட்டுக்குக் கீழே, சரிவில் எங்களுக்கு ஒரு சின்னத் தோட்டம், அதன் தலைமாட்டில் வீடு. நான் பக்கத்து நர்சரி பள்ளிக்கூடத்தில் டீச்சர். என் வீட்டுக்காரர் முழுநேர விவசாயி. அந்த வருஷங்களில் முழுநேரமும் ஃபேக்டரிக்காரர்களைத் திட்டுவதுதான் அவருடைய விவசாயம். இலை கொண்டுபோனால் பாதியை எடுத்துக்கொண்டு பாதியைத் திருப்பி அனுப்புவார்கள். சில நாள் இலையே வேண்டாம் என்று ஆள் சொல்லி அனுப்புவார்கள். பறித்த இலையை ஓடைப் பக்கம் கொட்டிவிட்டு வந்த நாட்களில் அவர் யாரோடும் பேச மாட்டார்.

அப்படி இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எங்கள் சபைப் போதகர் கூப்பிட்டார். ஹாலந்து நாட்டிலிருந்து ஒரு தம்பதி வந்திருக்கிறார்களாம். இரண்டு பேரும் ரிட்டயர் ஆனவர்கள். ஐந்து மாதமாக இந்தியா முழுக்கச் சுற்றிவிட்டார்கள். ஊர் திரும்புவதற்கு முன்னால் கடைசி ஒரு வாரம் ஓட்டலில் இல்லாமல் ஒரு வீட்டில் தங்க ஆசைப்படுகிறார்கள். உங்கள் முன்னறை சும்மாதானே கிடக்கிறது என்றார். போதகர் கேட்டால் மறுக்க முடியுமா? உண்மையைச் சொன்னால், அவர்கள் தருவதாகச் சொன்ன வாடகையை மறுக்கிற நிலையிலும் நாங்கள் இல்லை.

வந்தார்கள். நிலைப்படியில் இரண்டு பேரும் குனிந்துதான் உள்ளே நுழைந்தார்கள். கட்டிலில் படுத்தால் முழங்காலுக்குக் கீழே வெளியே நின்றது. என் வீட்டுக்காரர் கால்மாட்டில் ஒரு பெஞ்சைப் போட்டுக் கட்டிலை நீட்டிக் கொடுத்தார். எனக்கிருந்த ஒரே பயம் இங்கிலீஷ். அவர்களுக்கும் அது சொந்த பாஷை இல்லை என்று தெரிந்ததும்தான் எனக்கு உயிர் வந்தது. இரண்டு பக்கமும் தப்புத் தப்பாகப் பேசினால் பேச்சு நன்றாகவே ஓடும் என்பதை அந்த வாரம் தெரிந்துகொண்டேன்.

வந்த அன்றே அந்த அம்மா தன்னுடைய பெரிய கவலையைச் சொல்லிவிட்டார். விமானத்தில் ஆளுக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு இருபது கிலோ. அதற்கு மேல் ஒரு பிடி ஏறக் கூடாது. வடக்கே ஒரு ஊரில் விமானம் ஏறும்போது எடை கூடிப்போய், பின்னால் ஆட்கள் கத்த, கையில் கிடைத்ததை எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டார்களாம். அதில் ஒரு வீட்டுப் பெண் தன் கையால் தைத்துக் கொடுத்த போர்வையும் போய்விட்டது. அதைச் சொல்லும்போது அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் கணவருக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. ராஜஸ்தானில் பேரம் பேசி வாங்கிய ஒரு கல் யானையைத் துணியில் சுற்றி, குழந்தையைத் தூங்கவைப்பதுபோல் பெட்டிக்குள் படுக்கவைத்து இந்தியா முழுக்கச் சுமந்துகொண்டு வந்திருந்தார்.

மறுநாள் காலை அந்த அம்மா மூடி போட்ட ஒரு நீல டப்பாவை என்னிடம் நீட்டினார். உள்ளே கறுப்பாக மிட்டாய். ஊரிலிருந்து கொண்டுவந்ததில் கடைசியாம். என் வீட்டுக்காரர் ஆசையாக ஒன்றை வாயில் போட்டார். போட்டவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. அவர்கள் ஊரில் மிட்டாய்க்கு உப்புப் போடுவார்களாம். விருந்தாளி எதிரில் துப்பவும் முடியாமல், விழுங்கவும் முடியாமல், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வருகிறேன் என்று வெளியே போனார். எங்கள் வீட்டில் மாடே கிடையாது.

மிட்டாய் எப்படி இருந்தால் என்ன, டப்பாவை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் நம் வீடுகளில் உண்டா? நான் முறுக்கு போட்டுக் கொடுத்தேன். மத்தியானமே டப்பா திரும்பி வந்தது, உள்ளே ஒரு ஜோடி கம்பளிக் காலுறையும் பாதி தீர்ந்த ஜாம் பாட்டிலும். எனக்குச் சுருக்கென்றது. தேயிலைக்காரர்கள் கஷ்டத்தில் இருக்கிறார்கள் என்று போதகர் ஏதாவது சொல்லித் தொலைத்திருப்பார், இரக்கப்பட்டுக் கொடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இரக்கத்துக்கு நான் வைத்திருந்த பதில் வர்க்கி. டப்பா நிறைய அந்த மொறுமொறு ஊட்டி பிஸ்கட்டை வாங்கி அடுக்கிக் கொடுத்தேன். அவர்கள் குடையை அனுப்பினார்கள். நான் யூகலிப்டஸ் தைலம் அனுப்பினேன். அவர்கள் டார்ச் லைட் அனுப்பினார்கள். நான் எலுமிச்சை ஊறுகாய் அனுப்பினேன்.

"ஏம்புள்ள, உனக்கென்ன கிறுக்குப் புடிச்சிருக்குதா? ஊட்டுல இருக்கறதயெல்லாம் அந்த டப்பாவுலயே போட்டுக் குடுத்துருவ போல" என்றார் வீட்டுக்காரர்.

"நாம ஒண்ணுமில்லாதவங்கன்னு அவங்க நெனச்சுட்டுப் போகோணுமா?" என்று நானும் விடவில்லை.

பிறகுதான் புரிந்தது. அவர்கள் இரக்கப்படவே இல்லை. பெட்டி எடையைக் குறைக்க, வேண்டாததை எங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். நானோ ஒவ்வொரு தடவையும் அதைவிடக் கனமாக ஒன்றைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். நான் அனுப்பியதற்குப் பதில் செய்யாமல் இருக்க அவர்களுக்கும் மனம் வரவில்லை. கடைசியில் அந்த அம்மாவே சிரித்துக்கொண்டு, என் பெட்டியை நீங்கள்தான் நிரப்புகிறீர்கள், முதலில் அதை எடைபோட வேண்டும் என்றார்.

எங்கள் ஊரில் எடைக்கு ஒரே இடம், ரோட்டோரத்து இலைக் கொட்டகை. எல்லாரிடமும் இலையை எடைபோட்டு வாங்கி ஃபேக்டரிக்கு அனுப்புகிற ஏஜெண்ட் அங்கேதான் இருப்பார். உத்தரத்தில் பெரிய முள் தராசு தொங்கும். இலை மூட்டையை மாட்டுகிற கொக்கியில் இரண்டு பெட்டிகளையும் மாட்டினோம். தொங்குகிற பெட்டியை வெள்ளைக்காரர் போட்டோ எடுத்தார். ஏஜெண்ட் அண்ணன் கழுத்தை நிமிர்த்தி முள்ளைப் பார்த்து, மூட்டைக்குச் சொல்கிற அதே ராகத்தில், "பதினெட்டு... இதுவும் பதினெட்டு" என்றார்.

அந்த அம்மா அங்கேயே என்னைக் கட்டிக்கொண்டார். பெட்டிக்கு இரண்டு கிலோ இடம் இருக்கிறது, நீங்கள் என்ன கொடுத்தாலும் கொண்டுபோகிறேன் என்றார். அப்போதுதான் எனக்கு அந்த ஆசை வந்தது. ஃபேக்டரி திருப்பி அனுப்பிய இலையைக் கொட்ட மனசு வராமல், முந்தின மாதம் நானே வீட்டில் வாட்டி, கையால் கசக்கி, கறுக்க விட்டு, இரும்பு வாணலியில் வறுத்து வைத்திருந்தேன். வீட்டுக்காரர் அதைக் குடித்துவிட்டுக் கஷாயம் என்று பேர் வைத்திருந்தார். ஆனால் அந்த அம்மா தினமும் அதைத்தான் கேட்டு வாங்கிக் குடித்தார். அந்தத் தேயிலை முழுவதையும் இரண்டு துணிப்பையில் கட்டி, பெட்டிக்கு ஒன்றாக வைத்தேன். எங்கள் தோட்டத்து இலை கப்பலில் போகாவிட்டாலும் விமானத்திலாவது போகட்டும் என்று ஒரு வீம்பு. அந்த வருஷத்தில் எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அதுதான் என்று சொன்னால் நம்புவீர்களோ என்னவோ.

புறப்படுகிற நாள் வந்தது. கோயமுத்தூர் போக டாக்ஸி கொட்டகை வாசலில் நின்றது. அன்று இலை எடுக்கிற நாள். ஊரில் பாதிப் பேர் மூட்டையோடு வரிசையில் நின்றார்கள். எதற்கும் இன்னொரு முறை பார்த்துவிடலாம் என்று பெட்டிகளை மாட்டினார்கள். ஏஜெண்ட் அண்ணன் பார்த்து, "இருபது, இருபது. சுத்தம்" என்றார். வரிசையில் நின்றவர்கள்கூடக் கை தட்டினார்கள். வெள்ளைக்காரர் எல்லாருக்கும் வணக்கம் போட்டார். பெட்டிகளை டாக்ஸிக்குக் கொண்டுபோகும்போது, அடுத்ததாக எங்கள் மூட்டை கொக்கியில் ஏறியது.

"கழிவு போக முப்பது" என்றார் ஏஜெண்ட்.

என் வீட்டுக்காரர் எப்போதும்போல் முனகினார். சாக்குக்கு ஒரு கிலோ, இலையில் இருக்கிற ஈரத்துக்கு ஒரு கிலோ என்று மூட்டைக்கு ரெண்டு கிலோ கழித்துத்தான் அந்த மனிதர் வாயில் எடை வரும். வருஷக்கணக்காக நாங்கள் கேட்டுக் கேட்டு காது மரத்துப்போன விஷயம். ஆனால் அன்றைக்கு நான் வரிசையை விலக்கிக்கொண்டு தராசுக்கு முன்னால் போய் நின்றேன்.

"அண்ணா, இருங்க. பொட்டிக்கு எடை சொன்னீங்களே, அதுலயும் கழிச்சா சொன்னீங்க?"

அவர் தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கைப்பழக்கமுங் அக்கா" என்றார் மெதுவாக.

பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர், "பொட்டிக்கு ஏதுங்க சாக்கு?" என்று கேட்டார். "ஈரம் ஏதுங்க?" என்றது இன்னொரு குரல். அவ்வளவுதான், சிரிப்பு தாங்கவில்லை. சிரிப்புக்கு நடுவிலேயே, வெயில் காய்கிற நாளில் எங்கள் இலைக்கும் ஈரம் ஏது என்று ஒருவர் கேட்க, பேச்சு வேறு பக்கம் திரும்பியது. "எனக்கு ஃபேக்டரியில கழிக்கறாங்க, நான் யார்கிட்டப் போய்க் கேக்கறதுங்க?" என்று ஏஜெண்ட் பாவம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்டிக்கு ரெண்டு கிலோ அதிகம். இப்படியே போயிருந்தால் விமான நிலையத்துக் குப்பைத்தொட்டியில் முதலில் விழுவது எது என்று எனக்குத் தெரியாதா? மேலாக இருப்பதுதானே. மேலே இருந்தது என் தேயிலை. அங்கே விழாவிட்டாலும், இதோ இப்போது ஊரார் எதிரில் பெட்டியைத் திறந்து, என் கையில் திருப்பிக் கொடுக்கப்போகிறார்கள். ஃபேக்டரி திருப்பியது போதாதென்று விருந்தாளியும் திருப்பப்போகிறார்கள். நான் என் வீட்டுக்காரருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அவரே தன் ஃபேக்டரி இங்கிலீஷில் விஷயத்தைச் சொன்னார். "வெயிட் நோ குட். டூ கேஜி கட்டிங்" என்று இரண்டு விரலைக் காட்டி, கையால் வெட்டிக் காட்டினார். எப்படியோ புரிந்துவிட்டது. இலை மூட்டைகளின் மேல் பெட்டிகளை வைத்துத் திறந்தார்கள். அந்த அம்மாவின் உள்ளாடைகள் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தன. ஆண்கள் அவசரமாகத் தேயிலைத் தோட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். வெள்ளைக்காரர் நான் பயந்தபடியே செய்தார். துணிப்பைகள் இரண்டையும் எடுத்துக் கையில் தூக்கிப் பார்த்தார். இரண்டும் சேர்ந்தால் சரியாக இருக்கும் என்று நினைத்திருப்பார். என்னைப் பார்த்து ஒரு சங்கடச் சிரிப்பு சிரித்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அந்த அம்மா அவர் கையிலிருந்து பைகளைப் பிடுங்கினார். அவர்கள் பாஷையில் என்னமோ சொன்னார். ஒரு வார்த்தையும் எனக்குப் புரியவில்லை. ஆனால் உலகத்தில் எந்த மனைவி எந்தப் புருஷனிடம் அந்தக் குரலில் பேசினாலும் அர்த்தம் ஒன்றுதான். பைகளைப் பெட்டிக்கு ஒன்றாக, அடியில் துணிகளுக்கும் கீழே கொண்டுபோய்ச் சொருகினார். தன் மழைக்கோட்டை எடுத்து வெளியே போட்டார். நடைபயணத்துக்கு வைத்திருந்த கனமான பூட்ஸையும் வெளியே எடுத்து வைத்தார். பிறகு நிமிர்ந்து, புருஷனின் பெட்டியை விரலால் காட்டினார்.

யானை வெளியே வந்தது. அந்த மனிதர் அதைத் துணியோடு அணைத்துக்கொண்டு நின்ற கோலத்தைப் பார்த்து எனக்கே பாவமாகிவிட்டது. தராசில் பெட்டிகள் மறுபடி ஏறின. "இப்பக் கழிக்காமச் சொல்லுங்" என்று வரிசையே ஒரே குரலில் கத்தியது. ஏஜெண்ட் முள்ளுக்குக் கீழே போய் நின்று, ஊருக்கெல்லாம் கையை விரித்துக் காட்டி, "இருபதுக்கு உள்ளதானுங்க, சத்தியமா" என்றார். அந்த அம்மா பெட்டி மூடியின் மேல் ஏறி உட்கார்ந்து பூட்டைப் போட்டார். உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்து, பெட்டியை உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினார். நன்றி சொல்ல வேண்டியவள் நான். அவர்தான் சொன்னார், ஐந்து மாதத்தில் கற்றுக்கொண்ட ஒரே தமிழ் வார்த்தை அதுதான்.

டாக்ஸி போனபின் யானையை எங்கள் வீட்டுக்காரர் தூக்கிக்கொண்டு வந்தார். இன்றைக்கும் முன்னறைக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் அதுதான் முட்டுக்கொடுத்து நிற்கிறது. ஏஜெண்ட் அண்ணன் அதன்பிறகு வெயில் நாளில் ஈரக்கழிவு போடுவதில்லை. போட்டால் வரிசையில் யாராவது பெட்டியைப் பற்றி விசாரிப்பார்கள். தேயிலை விலை மட்டும் இன்னும் சில வருஷம் எழுந்திருக்கவே இல்லை. நாங்கள் எப்படியோ தாக்குப்பிடித்தோம்.

பிறருக்குக் கொடுப்பதில்தான் வீட்டின் கௌரவம் இருக்கிறது என்று டப்பா டப்பாவாக நிரப்பிக்கொண்டிருந்தவள் நான். யாருமே எங்கள் இலையைச் சீந்தாத வருஷத்தில், தன் மழைக்கோட்டையும் புருஷனின் யானையையும் இறக்கிவிட்டு அதற்கு இடம் பிடித்துக் கொடுத்த அந்த அம்மாவை நினைக்கும்போதெல்லாம், நாம் கொடுத்ததை இன்னொருவர் விடமாட்டேன் என்று பிடித்துக்கொள்வதைவிடப் பெரிய கௌரவம் நமக்கு யாரும் செய்துவிட முடியாது என்றே தோன்றுகிறது.