கூட்டிப் போட்ட இரண்டு வயது

முந்திரியை நெய்யில் வறுக்கும் வாசனை வந்தால், அண்ணியிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, “இன்னிக்கு எந்த வெள்ளக்காரன் போறான் அண்ணி?” என்பதுதான். ஈப்போவில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டில், தீபாவளியையும் பொங்கலையும் விட்டால் பாயசம் வைத்த நாட்கள் எல்லாம் யாராவது ஒரு கேப்டன் ஓய்வு பெற்ற நாட்கள். வேறு எந்த வீட்டிலும் இப்படி ஒரு பண்டிகை இருந்திருக்காது. அண்ணன் சீருடையைக்கூடக் கழற்றாமல் மேசையில் உட்கார்ந்து, “இன்னும் மூணு பேருதான்லா” என்பார். அண்ணி சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி ஊற்றுவார்.

அண்ணன் ஒரு சின்ன விமானக் கம்பெனியில் துணை விமானி. ஈப்போவுக்கும் பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் ஓடுகிற, விசிறி வைத்த விமானங்கள் சிலதுதான் அந்தக் கம்பெனியிடம் இருந்தன. விமானத்தின் முன்னால் இரண்டு இருக்கைகள். இடப்பக்கம் கேப்டன், வலப்பக்கம் துணை விமானி. இடப்பக்கம் ஏதாவது ஓர் இருக்கை காலியானால்தான் வலப்பக்கத்தில் இருப்பவருக்கு விடிவு. கெட்டிக்காரர், சோம்பேறி என்ற பேச்செல்லாம் அங்கே கிடையாது. யார் முதலில் வேலைக்குச் சேர்ந்தாரோ அவர்தான் வரிசையில் முன்னால். முன்னால் இருப்பவர் ஐம்பத்தைந்து வயதாகி ஓய்வு பெற்றால் பின்னால் இருப்பவர்கள் எல்லாரும் ஓர் அடி நகர்வார்கள். அதனால் எங்கள் சொந்தக்காரர்கள் யாருக்கு என்ன வயது என்று தெரியாத அண்ணிக்கு, பார்த்தே இராத வெள்ளைக்காரக் கேப்டன்களின் வயது அத்தனையும் மனப்பாடம். ஒருமுறை ஒரு கேப்டன் மாரடைப்பில் இறந்துபோனார். அன்றைக்கும் அண்ணன் ஓர் அடி நகர்ந்தார். ஆனால் அடுப்புப் பக்கம் போன அண்ணியைக் கையைக் காட்டித் தடுத்துவிட்டார். அன்று அவர் சாப்பிடவே இல்லை.

எல்லாருடைய வயதையும் எண்ணிக்கொண்டிருந்த அந்த வீட்டில், அண்ணனுடைய வயதுதான் பொய். அது எங்களுக்குத் தெரியாத விஷயமும் அல்ல. கோப்பெங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில், கூலிக்காரர்களின் லயத்து வீட்டில் பிறந்தவர் அவர். ஜப்பான்காரன் காலத்தில் பிறப்புப் பத்திரங்கள் எல்லாம் போன இடம் தெரியவில்லை. சண்டை முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்து, தோட்டத்தில் மறுபடியும் பேர் பதிந்தபோது, அப்பா நெஞ்சுச் சளியோடு படுத்த படுக்கை. சின்னப் பையனாகப் பதிந்தால் அரைக் கூலி, பெரிய ஆளாகப் பதிந்தால் முழுக் கூலி. அப்பா எழுந்து உட்கார்ந்து, பேர் எழுத வந்த கிராணியிடம் மகனுக்கு இரண்டு வயதைக் கூட்டிச் சொன்னார். பக்கத்தில் நின்ற அம்மாவும் ஆமாம் என்று தலையாட்டினாள். தோட்டத்தில் பல வீடுகளில் செய்ததுதான். அதை யாரும் தப்பாக நினைத்ததில்லை. அந்த வயதே பிறகு பிறப்புப் பத்திரத்திலும் ஏறியது. அந்தக் கூலியில்தான் அப்பா செத்த பிறகும் நாங்கள் சோறு தின்றோம்.

புல் வெட்டிக்கொண்டிருந்த அண்ணன் எப்படி விமானி ஆனார் என்று கேட்டால், பிடிவாதம் என்பதைத் தவிர எனக்கு வேறு பதில் தெரியாது. ஈப்போவுக்கு வந்து பட்டறையில் சேர்ந்தார். மாலையில் படித்தார். விமானம் ஓட்டுகிற கிளப் ஒன்றில் இயந்திரங்களைக் கழற்றி மாட்டிக் கொடுத்து, கூலிக்குப் பதிலாக ஓட்டக் கற்றுக்கொண்டார். உரிமம் கைக்கு வந்தபோது தலையில் நரை வந்திருந்தது. கம்பெனி ஒரே நாளில் நான்கு துணை விமானிகளை எடுத்தது. ஒரே நாளில் சேர்ந்தவர்களில் யார் முன்னால் என்று பார்க்க அவர்களிடம் இருந்த வழி வயதுதான். காகிதப்படி அண்ணன் மூத்தவர், ஆகவே அவர் முதலாவது. உண்மையான வயதைப் போட்டிருந்தால் நால்வரில் கடைசி. அன்றைக்கு நேரே தோட்டத்துக்குப் போய், “அப்பா கூட்டிப் போட்ட வயசுதாம்மா என்னைய முன்னால நிறுத்தியிருக்கு” என்று சொல்லிச் சிரித்தார். அம்மா லயம் முழுக்க அதைச் சொல்லிவிட்டாள்.

அதற்குப் பிறகு காத்திருப்புதான். எழுபதுகள் முழுவதும் அவர் வலப்பக்க இருக்கையில் போனார், வந்தார். தோட்டத்துக்குப் போனால் எல்லாரும், “கேப்டன் வாராரு” என்பார்கள். “இன்னும் இல்லண்ணே” என்று ஒவ்வொருவரையும் திருத்துவார். எனக்கு எரிச்சலாக வரும். ஆசையாகக் கூப்பிடுகிறார்கள், விட்டுவிட வேண்டியதுதானே என்பேன். அவர் விடமாட்டார். தோளில் மூன்று பட்டையோடு கேப்டனுக்குரிய நான்காவது பட்டையைத் தானாகப் போட்டுக்கொள்கிற ஆள் இல்லை அவர்.

எண்பதுகளின் நடுவில் அவருக்கு முன்னால் ஓய்வு பெற வேண்டிய கேப்டன் ஒருவரே மீதி. அவர் ஓய்வு பெற்றால் அண்ணன் கேப்டன். காகிதப்படி அண்ணனுக்கு ஐம்பத்தைந்து ஆக அதற்குப் பிறகு ஏறக்குறைய ஒரு வருடம் இருக்கும். அந்த ஒரு வருடம் போதும் என்று நினைத்தார். “ஒரு வருசம் இடது பக்கம் ஒக்காந்தா போதும்மா, அப்புறம் ஆயுசுக்கும் எதுவும் கேக்க மாட்டேன்” என்று அண்ணியிடம் அவர் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்தச் சமயம் பார்த்து ஈயத்துக்கு விலை விழுந்தது. லம்பங்கள், அதாவது ஈயச் சுரங்கங்கள், மூடின. வியாபாரிகள் பறப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். கம்பெனி புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்தியது. புதிய கேப்டனைத் தயார்செய்யச் செலவாகும் என்று, இருக்கிற கேப்டனுக்கே ஒரு வருடம் நீட்டிப்புக் கொடுத்தது. துணை விமானிகளுக்கு நீட்டிப்புக் கிடையாது. செய்தி வந்த அன்று முந்திரி வாங்கித் தயாராக வைத்திருந்த அண்ணி, அதை டப்பாவோடு அலமாரியின் பின்பக்கம் தள்ளிவைத்தார்.

நான் அப்போது ஒரு வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தேன். பிறப்புப் பத்திரத்தில் வயதைத் திருத்தலாம் என்பது எனக்குத் தெரியும். பெற்றவள் வந்து சத்தியம் செய்தால் போதும். வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். அண்ணன் பொறுமையாகக் கேட்டார்.

“வயச கொறச்சா என்னாகும் தெரியுமா? நாலு பேருல நான் கடைசி. ரெண்டு வருசம் கூட கெடைக்கும், ஆனா எனக்கு முன்னால மூணு பேரு வந்துருவாங்க. சீட்டு எங்க வரும்?”

“பறக்கவாச்சும் செய்வீங்கல்ல அண்ணே?”

 “அம்மாவ கோர்ட்டுல நிக்க வச்சு, எம் புருசன் பொய் சொன்னாரு, நானும் கூட நின்னேன்னு சொல்ல வைக்கணுமா? சோத்துக்குச் சொன்ன பொய்லா அது. வேணாம், விட்டுரு” என்றார்.

எனக்கு அழுகை வந்தது. இரண்டு வயதை வைத்துக்கொண்டால் வேலை போகும், எடுத்துவிட்டால் வரிசை போகும். இப்படி ஒரு முடிச்சை யாராலும் வேண்டுமென்றே போட முடியாது. அப்பாவின் மேல் கோபப்படலாம் என்று பார்த்தால், அந்தக் கூலியில் வளர்ந்த உடம்பு என்னுடையது.

கடைசிப் பயணம் பினாங்கிலிருந்து ஈப்போவுக்கு. நானும் அண்ணியும் வேலிக்கு வெளியே நின்றோம். விமானம் திரும்பி வந்து நின்றபோது வலப்பக்கச் சன்னலில் அவர் முகம் தெரிந்தது. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினார். வரிசையில் அவருக்கு அடுத்தவர், தைப்பிங்கைச் சேர்ந்த ஒரு மலாய்க்காரர், மலாயில் அண்ணன் என்கிற “அபாங்” என்று கூப்பிட்டு அவரைக் கட்டிக்கொண்டார். இரண்டே மாதத்தில் நீட்டிப்பு முடிந்து, அந்த மலாய்க்காரர் கேப்டன் ஆனார். ஒரு கூடை ரம்புத்தான் பழத்தோடு வீட்டுக்கு வந்து, விஷயத்தைச் சொல்ல முடியாமல் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன்தான், “எனக்குத் தெரியும்லா, சந்தோசம்” என்று அவருடைய தோளில் புதுப் பட்டை இருந்த இடத்தைத் தடவிக்கொடுத்தார். அவர் போன பிறகு குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் உள்ளேயே இருந்தார். நாங்கள் யாரும் கதவைத் தட்டவில்லை.

இப்போது விமானிகள் அறுபத்தைந்து வயதுவரை ஓட்டலாம் என்று பத்திரிகையில் படிக்கிறேன். பல இடங்களில் விமானி போதவில்லையாம், தேடித் தேடி எடுக்கிறார்களாம். படித்ததும் மனம் தானாகக் கணக்குப் போடுகிறது. அம்மாவின் கணக்குப்படி அண்ணனுக்கு அந்தக் கடைசிப் பயணத்தின்போது ஐம்பத்து மூன்றுதான். இந்தக் காலமாக இருந்தால் இன்னும் பன்னிரண்டு வருடம் பறந்திருப்பார். அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாகிவிட்டது. இருந்தும் அந்தக் கணக்கை என்னால் போடாமல் இருக்க முடியவில்லை.

அம்மாவின் கணக்கு தைப்பூசம். அண்ணன் பிறந்தது ஒரு தைப்பூசத்தன்று. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற பிறகு அம்மா எங்களோடு வந்து இருந்தாள். அண்ணன் ஓய்வு பெற்று இரண்டு வருடம் கழித்து வந்த தைப்பூசத்தன்று, கோயிலுக்குப் போகும் முன் அவர் என்னிடம் மட்டும், “இன்னிக்குத்தான் எனக்கு அம்பத்தஞ்சு” என்றார். அதற்குள் அவரோடு ஒரே நாளில் சேர்ந்த மற்ற மூவரில் கடைசி ஆளும் கேப்டன் ஆகியிருந்தார். அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. வேலை முடிந்தது, பென்சன் என்று மட்டும் சொல்லியிருந்தார். அண்டை வீட்டு அக்கா ஒருவர் வந்திருந்தார். அம்மா அவரிடம் அண்ணனைக் காட்டி, கண்கள் மின்னச் சொன்னாள்.

“நானும் இவங்கப்பாவும் அன்னிக்கு ரெண்டு வயசு கூட்டிப் போட்டோம். அதனாலதான் எம் புள்ள ஆகாசத்துல பறந்தான். இல்லன்னா இவனுக்கு இந்த வாழ்வு வந்திருக்குமா? கேட்டுப் பாரு.”

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அம்மா திருநீறு பூசுவதற்கு வசதியாகக் குனிந்துகொண்டு, “ஆமாம்மா, நீங்க கூட்டிப் போட்டதுனாலதான்” என்றார்.