சம்மாட்டிக்கு மாத்திரை, அய்யாவுக்கு ஊசி

எங்கள் ஊர் டாக்டர் மீது எனக்கு அப்படியொரு கோபம். பாம்பன் பக்கத்து மீனவத் தெருவில் எங்கள் வீடு. அப்பாவை நாங்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவோம். அய்யா கடலுக்குப் போன வள்ளத்தின் சொந்தக்காரர் சம்மாட்டி. அவருக்கும் சர்க்கரை வியாதி, அய்யாவுக்கும் சர்க்கரை வியாதி. ஆனால் அவருக்கு மட்டும் அப்போது புதிதாக வந்திருந்த மாத்திரை. ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டு எழுந்து போவார். அய்யாவுக்கோ காலையும் மாலையும் ஊசி. அம்மா கண்ணாடி ஊசிக்குழாயை வெந்நீரில் கொதிக்கவிடும்போதே எனக்கு வயிறு எரியும். முதலாளிக்கு மாத்திரை, கூலிக்காரனுக்கு ஊசியா? இந்த அநியாயத்தைக் கேட்க நாதியில்லையா என்று மனதுக்குள் டாக்டரைத் திட்டித் தீர்ப்பேன்.

அய்யாவுக்கு முதலில் வந்தது வயிற்றுவலிதான். சுருண்டு சுருண்டு படுப்பார். கணையம் கெட்டுப்போய்விட்டது, அதனால் வந்த சர்க்கரை என்றார் டாக்டர். மருந்துப் புட்டியைக் கொடுத்து, “குளிர்ச்சியா வச்சுக்கங்க” என்று மட்டும் சொன்னார். அம்மா அதை ஈரமணல் சட்டியில் புதைத்து வைத்தாள்.

சித்தப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. அவர் இறால் கொட்டகையில் ஐஸ் உடைக்கும் வேலை பார்த்தவர். “மணல்ல வச்சா மருந்து என்னத்துக்காகும் மதினி? சீலா மீனே ஐஸ்ல கெடாமக் கெடக்கு. நான் கொண்டாறேன்” என்றார். கொண்டும் வந்தார். மீன் பெட்டிக்குச் செய்வதைப் போலவே உப்புத் தூவி, ஐஸுக்கு நடுவில் புட்டியை வைத்தார். காலையில் மருந்து கட்டியாக உறைந்திருக்கும். அம்மா உள்ளங்கையில் வைத்து உருக்கி ஊசி போடுவாள்.

அய்யா இளைத்துக்கொண்டே போனார். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். “பாத்தியளா, ஊசி கேக்கல” என்றது தெரு. சம்மாட்டி இரக்கப்பட்டுத் தன் மாத்திரையில் கொஞ்சம் கொடுத்தனுப்பினார். ஊசி நின்றது. ஒருவழியாக நியாயம் கிடைத்ததென்று நான் குதித்தேன். அந்த வாரமே அய்யா மூச்சிரைத்து நினைவு தப்பிக் கிடந்தார்.

கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் கத்தினார். “சம்மாட்டிக்குக் கணையம் சோம்பிக் கிடக்கு, மாத்திரை அதைத் தட்டி எழுப்பும். இவருக்கு எழுப்புறதுக்கு உள்ள என்னய்யா இருக்கு? ஊசி இல்லாட்டி உசுரு இல்ல. மருந்தை எங்க வச்சிருந்தீங்க?”

“நல்ல ஐஸ்லதான் சார், உப்புப் போட்டு” என்றார் சித்தப்பா.

“உறைஞ்சுட்டா அது வெறும் தண்ணிய்யா!”

சித்தப்பா யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போய்விட்டார்.

இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை. ஐஸை நம்பிப் பிழைக்கிற தெருவில், குளிர்ச்சியாக வை என்று சொன்னவருக்கு, உறையவிடாதே என்று இன்னொரு வார்த்தை சொல்ல வாய் வலித்ததா?

அய்யா பிழைத்து வீடு வந்தார். சித்தப்பா எங்கள் வாசலையே மிதிக்கவில்லை. அய்யாதான் ஆளனுப்பி வரவழைத்தார். “ஏலே, இனிமே ஊசிய நீதான் போடணும். உங்க மதினிக்குக் கை நடுங்குது” என்றார்.

அம்மாவின் கை ஒருநாளும் நடுங்கியதில்லை. கூடவே இருந்து பார்த்தவன் நான். சாகடிக்கப் பார்த்தவரிடமே ஊசியைக் கொடுக்கிறாரே என்று கொதித்துப் போனேன். அம்மாவோ ஊசிக்குழாயை எடுத்துச் சித்தப்பா கையில் கொடுத்தாள். அன்று முதல் சித்தப்பா விடிந்ததும் வருவார், கையைக் கழுவுவார், கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊசி போடுவார். அந்த ஊசியில் பிழைத்தது அய்யா மட்டுமில்லை என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.